எண்பது பல்

தானமாய் வந்த மாடில்லை.
காசு கொடுத்து வாங்குகிறேன்,
பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்வேன்.

சூரத்தி பஜாரின் பின்சந்து, மீரான் மரைக்கார் கடை.
மேசையில் பத்து அங்குல ரம்பத் தட்டுகள்
தோசைக்கல் அடுக்கினாற்போல்.
இருபத்துநாலு பல்: அகலப் பல், அவசரப் பல்,
நீளவாக்கில் பிளக்கத் தோது.
நாற்பது பல்: எல்லாம் செய்யும்,
எதையும் சுத்தமாய்ச் செய்யாது,
என் மச்சினனைப் போல.
எனக்கு வேண்டியது எண்பது.

ஐம்பத்தோராம் தெரு, மூன்றாம் மாடி,
டோ நுவே யீ வீட்டில் ஆறு கதவு.
ஆறுக்கும் தேக்கில் ஓரச்சட்டம்,
மூலைக்கு மூலை நாற்பத்தைந்து பாகை.
"இடுக்கில் சிகரெட் தாள் நுழைந்தால் பாதிக் கூலி"
என்றாள் சிரித்துக்கொண்டே.
சிரிப்பும் நிஜம், கணக்கும் நிஜம்.

தேக்குக்குள் மணல் இருக்கிறது.
நம்பாதவர் ஒருமுறை அறுத்துப் பார்க்கட்டும்.
பெகு மலையில் நின்று மழை குடித்த மரம்
குடித்த தண்ணீரோடு கொஞ்சம் மண்ணையும்
உள்ளே வைத்துக்கொண்டது.
வெறும் எஃகு இரண்டே நாளில் ஈறாகிவிடும்.
ஆலங்குச்சியும் வேலங்குச்சியும்
இந்தப் பல்லுக்கு உறுதி தராது.
கார்பைடு வேண்டும்,
பற்றவைத்த இடத்தில்
ஊசிமுனைத் துளைகூட இல்லாமல்.

மரைக்கார் முதலில் எடுத்துப் போட்டது பளபளவென்று இருந்தது.
ஜப்பான் பெயர்.
அதில் ஓர் எழுத்து மட்டும் ஜப்பானுக்கே தெரியாதது.
கீழே வைத்தேன்.
அவர் கோபப்படவில்லை,
அடுத்த ஆளுக்கென்று திருப்பி அடுக்கினார்.

விரலில் மாட்டி நகத்தால் சுண்டினேன்.
ஒன்று பித்தளைச் சொம்பாய் நீள அழுதது.
இன்னொன்று "ம்" என்றதோடு சரி.
விரிசல் இல்லை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.
தட்டில் கீறியிருந்த நெளிகோடுகள்
சத்தத்தை விழுங்கியிருந்தன.
அதிகம் பேசாததை எடுத்துக்கொண்டேன்.

பல் முன்னே சாய்ந்தால் மரத்தை இழுக்கும்,
விரலையும் இழுக்கும்.
இது சற்றே பின்னே சாய்ந்தது,
கூச்சக்கார விருந்தாளி இலையில் கைவைப்பது போல.
வலம் ஒன்று இடம் ஒன்றாய்ச் சீவிய முனை
நாரை முதலில் நறுக்கும், அப்புறம்தான் அள்ளும்.

விலை, என் ஆறு நாள் கூலி.
அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
நான் அவர் பக்கம் திருப்பினேன்.
ஐந்தரை நாள்.

மின்சாரம் ஐந்து மணிக்கு வரும், ஒன்பதுக்குப் போய்விடும்.
இருட்டில் எழுந்து சட்டத்தைக் கிடத்தி
கோட்டின் மேல் டேப் ஒட்டி
முதல் வெட்டு.
சிலாம்பு இல்லை.
முனையைத் தடவினேன், விரல் வழுக்கியது.
இழைப்புளி பையிலேயே தூங்கிற்று.
ஐந்து கதவு இப்படியே.

ஆறாவது கதவுக்குப் போட்டது
இடித்த வீட்டுத் தேக்கு.
யார், எந்த ஆட்சியில், எந்தப் படத்தை மாட்ட அடித்த ஆணியோ,
தலை போய், துரு ஏறி, மரத்துக்குள் மறைந்து கிடந்தது.
காந்தம் என் பையில் இருந்தது.
பையிலேயே இருந்தது.

டிங்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல் போகவில்லை.
எண்பதில் ஒன்று உதிர்ந்ததும் தட்டுக்குத் திக்கல் வந்தது,
சுற்றுக்கு ஒருமுறை.
அறுத்த முகத்தில் மயிரிழைக் கோடுகள்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பசை தடவினேன்,
ஒன்பது அடிக்கக் காற்றாடி நின்றது.

டோ நுவே யீ சிகரெட் தாளோடு வந்தாள்.
பன்னிரண்டு மூலையும் பார்த்தாள்.
எதிலும் நுழையவில்லை.
கடைசி மூலையில் மட்டும்
தாளை இரண்டாவது தடவை வைத்தாள்.
எனக்குத் தொண்டை வறண்டது.

முழுக் கூலி.
தேநீரும் தந்தாள்.

நாளைக்கு மரைக்கார் கடைக்குப் போக வேண்டும்.
பல் கட்ட ஆள் இருக்கிறானாம், அரை நாள் கூலி கேட்பானாம்.
அங்கேயே கறுப்புக் கயிறு ஒரு முழம் வாங்குவேன்,
காந்தத்தைக் கோத்துத் தாயத்தாய்க்
கழுத்தில் தொங்கவிட.