பதினோரு அடி

இரண்டையும் ஓட்டியிருக்கிறேன்.
சரிவுப் பலகையின் அடியிலிருந்து
என் லாரியின் முதுகு வரை
பதினோரு அடி.
ஓட்டியது ஓட்டியதுதான்.

போர்ஷேவைப் போன ஐப்பசியில்,
திருத்துறைப்பூண்டிக்கு இப்பால்
டயர் கிழிந்து நின்றபோது.
சாம்பல் நிறம். சாவித் திருகு கதவோரம்.
ஆறு சிலிண்டரும் படுத்த வாக்கில்
முதுகுக்குப் பின்னால்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
வேலைக்குக் கிளம்பும் வங்கி மேனேஜர்போல
ஏறி நின்றுவிட்டது.

லம்போர்கினியை இன்று காலை.
பச்சை.
பயிர்ப் பச்சை என்று சொல்ல மாட்டேன்,
பூச்சிமருந்து டப்பாவின் மூடியில் இருக்குமே, அது.
ஸ்டார்ட் பொத்தானுக்கே ஒரு சிவப்பு மூடி.
தூக்கி அழுத்தினேன்.
பத்து சிலிண்டர் ஒன்றாய்க் குரைத்ததில்
அம்மாப்பேட்டைக் கடைத்தெரு நாய்கள்
தங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன.

புதிதாய்ப் போட்ட வேகத்தடை.
வெள்ளைக்கோடுகூட அடிக்கவில்லை.
மூக்கைத் தூக்கிக்கொள்ள இரண்டிலும் பொத்தான் உண்டு.
முன்னால் போன நவாஸ் அழுத்தவில்லை,
தாடை பிளந்தது.
பின்னால் வந்த திருமாறன் அழுத்தினார்.
அதை இதற்குள் ஆறு தடவை சொல்லிவிட்டார்.
கூட்டாளிகள். மன்னார்குடியில்
கணக்குப் பிள்ளைக்குக் கல்யாணம்.
சென்னை ஷெட்டுக்கு நாளைதான்,
இன்று மண்டபம் வரை என்றார்கள்.
லாரியில் ஏறி வரும் மாப்பிள்ளைத் தோழன்.

எது ஒசத்தி என்று கேட்பார்கள்.
கனம் எங்கே என்று எனக்குத் தெரியும்,
சங்கிலி பூட்டும் கைக்குத் தெரியும்.
பச்சை, இடுப்பில் குடம் வைத்திருக்கிறது.
சாம்பல், முதுகில் மூட்டை.
குடம் சட்டென்று திரும்பும்.
மூட்டை மெல்லத் திரும்பும், ஆனால்
ஒரு மிதி மிதித்தால் மண்ணை விடாது.
வேறென்ன சொல்ல, பதினோரு அடியில்?

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
என் முதுகில் பச்சை, என் வாலில் சாம்பல்.
இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.
நூறைத் தொட
அதற்கு இரண்டு புள்ளி ஏழு நொடி,
இதற்கு இரண்டு புள்ளி ஒன்பது.
“அந்தப் புள்ளி இரண்டில்
நீ என் பின்விளக்கைத்தான் பார்ப்பே.”
“சத்தம்? உன்னதுக்கு ஏதுய்யா சத்தம்?
மிக்சி ஓடுற மாதிரி.”
வேர்க்கடலைக்காரர் இருவருக்கும் நடுவில் நின்று
இரண்டு பொட்டலம் விற்றார்.

நெல் ஏற்றிய கூட்ஸ் வந்தது.
நாற்பத்தியிரண்டு பெட்டி, எண்ணினேன்.
வந்தது, நின்றது,
எதையோ மறந்தாற்போல் பின்னால் போனது,
மறுபடி வந்தது.
திருமாறன் கடிகாரம் பார்த்தார்.
நவாஸ் பார்க்கவில்லை.
கழற்றி என் டாஷ்போர்டில் வைத்திருந்தார்,
சங்கிலி இழுக்க எனக்குக் கை கொடுத்தபோது.
அந்தக் கையில் கிரீஸ் இன்னும் இருந்தது.

கேட் தாண்டியதும் தார் ரோட்டில் பாதி
சம்பா நெல்.
இரண்டு மைலுக்குக் காய்கிறது.
கல் வைத்து அணை கட்டியிருக்கிறார்கள்.
மீதிப் பாதியில் நான் இருபதில்.
என் பின்னால் அறுநூற்றைம்பது குதிரை
இருபதில்.
எதிரே அறுப்பு மெஷின் வர
எல்லாரும் நின்றோம்.

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்து பச்சையைப் பார்த்தாள்.
“மேல இருக்கறது என்ன வெலை?”
சொன்னேன்.
“கீழ இருக்கறது?”
கொஞ்சம் குறைய, என்றேன்.
“ஓடறது கொறச்சலா?” என்றாள்,
காலால் சால் இழுத்தபடியே.

போர்ஷேவை அணைத்தார் திருமாறன்.
பின்பக்கக் காற்றாடி மட்டும் நிற்கவில்லை,
சூட்டை ஊதிக்கொண்டே இருந்தது.
ரோட்டோர நெல்லில்
பதர் கொஞ்சம் எழும்பிப் பறந்தது.
தைமாதக் குளிர்.
எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளாடு
அந்தச் சூட்டில் விலாவைச் சாய்த்து
கண்ணை மூடிக்கொண்டது.
“விரட்டு, பெயின்ட் போயிடும்” என்று கத்தினார்.
நவாஸ் சிரித்த சிரிப்பு
பத்து சிலிண்டர்.

மண்டபத்து வாசலில் பில் எழுதினேன்.
வாகன வகை: கார்.
எண்ணிக்கை: ஒன்று.
ஐப்பசியிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன்,
தாளைப் புரட்டிப் பார்த்தேன்.
கிலோமீட்டர்தான் வேறு.