ரசீது எண் 117

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜீப்.
மனுவில் அப்படித்தான் எழுதியிருந்தோம்:
பழசானாலும் பரவாயில்லை,
மண்ரோடு ஏறினால் போதும்.

வந்தது பென்ஸ்.
பதினோரு வயது, முத்து வெள்ளை,
ஓடியது நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்,
அதில் பாதி கல்யாண வீடுகளுக்கு.

ஜோகி கவுடர் தானே ஓட்டி வந்து
ஆபீஸ் மதிலோரம் நிறுத்தினார்.
பச்சைத் தேயிலை விலை ஏறிய வருஷம் வாங்கியது.
இப்போது ஃபேக்டரிக்குப் பூட்டு,
மகள் ஆக்லாந்தில், முழங்காலில் உலோகம்;
தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை.
இதில் எதையும் அவர் சொல்லவில்லை.
"ஷெட்டுல இடத்தை அடைக்குது" என்றார்.

கணக்குப் பார்க்கும் பிலோமினா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு,
"ஐயா, பொருளாக் குடுத்தா
வருமான வரியில கழிவு கிடைக்காது" என்றாள்.
அவர் மேசையைப் பிடித்து எழுந்தார்.
ஜன்னலுக்குப் போனார்.
வெளியே மூடுபனி
வண்டியின் பின்பாதியைத் தின்றிருந்தது.
அந்த ஒரு நிமிஷம்
நாங்கள் சுவர்க் காலண்டரைப் படித்தோம்.
பிறகு சாவி மேசைமேல் விழுந்தது.
"ரெண்டாவது சாவி வீட்டுல இருக்கு,
தேடி அனுப்புறேன்."

இன்றுவரை அனுப்பவில்லை.

ரசீதில் 'பழைய கார் ஒன்று.'
மதிப்பு என்ற கட்டத்தில்
பிலோமினா ஒரு கோடு இழுத்தாள்.

விற்றுவிடலாம் என்றது கமிட்டி.
ஊட்டியிலிருந்து வந்த தரகன்
நாலு டயரையும் உதைத்துப் பார்த்துச் சொன்ன விலைக்கு
ஜீப்பின் முன்பாதி வரும்.
சரி, நீ ஓட்டு என்றார்கள் என்னிடம்.

வாரம் மூன்று நாள்
சோலூர்மட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம், டயாலிசிஸுக்கு.
நான்கு பேர், எட்டு சிறுநீரகம்,
ஒன்றும் வேலைக்கு ஆகாது.
ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி வயிறு உரசும்.
உரசும்போதெல்லாம் பின்சீட்டு நடேசன்
"மன்னிச்சுக்க" என்பார்,
என்னிடமா, வண்டியிடமா, தெரியாது.

குஞ்சப்பனைக்கு மேலே ஒரு காலை
காட்டெருமை ஒன்று நடுரோட்டில் வந்து
பானட்டில் தாடையைச் சொறிந்துகொண்டது.
முன்னால் நின்ற நட்சத்திரம் வளைந்தது.
யாரும் நிமிர்த்தவில்லை.

அன்னபாக்கியம் முதல் நாள் உடனே ஏறவில்லை.
லயனுக்குக் கீழே, டீக்காட்டு வளைவில்,
சந்தன நிறத் தோல் சீட்டைப் பார்த்தாள்,
தன் காலைப் பார்த்தாள்.
செருப்பைக் கழற்றி
கிலோமீட்டர் கல்லருகே ஜோடியாக வைத்துவிட்டு
முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.
போட்டுக்குங்கம்மா என்றேன்.
"சும்மா ஓட்டுங்க தம்பி."

சீட்டுச் சூட்டுப் பொத்தானை அமுக்கினேன்,
கவுடர் எனக்குக் காட்டித்தந்தது அது ஒன்றுதான்.
அரவேணு தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு பின்னால் திரும்பி, மெதுவாக:
"யாரோ இப்பத்தான்
எந்திரிச்சுப் போயிருக்காங்க."

சாயங்காலம் திரும்பும்போது தூறல்.
செருப்புக்குள் தண்ணீர் நின்றது.
ஊசி குத்திய கையை மார்போடு வைத்துக்கொண்டு
மறு கையால் கவிழ்த்துக் கொட்டி
மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.
மறுமுறையும் அப்படியே.
இப்போது அந்த வளைவில் போகிறவர்களுக்குத் தெரியும்,
அது யாருடையது என்று.

போன செவ்வாய், ஜான்ஸ்டன் ஸ்கொயரில்
கவுடர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.
வேகம் குறைத்தேன்.
சேற்றைப் பார்த்தார், வளைந்த நட்சத்திரத்தை,
பின்கண்ணாடியோரம் வாந்திக்கு வைத்த நீல வாளியை.
கை தூக்கினார். வணக்கம் இல்லை.
விரலைக் கீழ்நோக்கி இரண்டு முறை ஆட்டினார்:
இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே,
கியரில் இறக்கு.

தலையாட்டினேன்.

"யாரு அது?" என்றாள் அன்னபாக்கியம்.
தெரிஞ்சவர் என்றேன்.
வெறுங்கால் இரண்டையும்
இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.