முள் வரிசை

மீனுக்கு என்மேல் கோபம் இல்லை.
தலை இல்லாமல், தோல் கீழாக,
பெல்ட்டில் அது பாட்டுக்கு வருகிறது.
நான் குனிகிறேன்.
ஒரு துண்டுக்கு முப்பது முள்.
இடுக்கியால் இழுக்கும்போது சின்னதாய் ஒரு சத்தம்,
தையல் பிரிவது போல.
காதில் பஞ்சு இருக்கிறது. அப்படியும் கேட்கும்.

ஆறு வருடம்.
புவெர்த்தோ மோன்ட்டில் மழை பெய்யாத நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
விரல்தான் பிரச்சினை.
இரண்டு ஜோடி கையுறைக்குள் அவை
வேறு யாருடையவோ போலக் கிடக்கும்.
வீட்டில் தக்காளி நறுக்கினால்
கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்
அதில் இல்லாத முள்ளைத் தேடும்.

எப்படித் தாங்குகிறாய் என்று தங்கை கேட்டாள்.
இரண்டு மணிக்கு மேல் கடிகாரம் பார்ப்பதில்லை.
எதுவீனா பக்கத்தில் நின்றால் இரவு நகரும்;
முகமூடிக்குள்ளேயே ஏசுவாள்,
மேற்பார்வையாளர் ரெமிஹியோவின் நடையை,
அவர் கணக்குப் பலகையை,
அவர் வீட்டு நாயைக்கூட.
கழிப்பறைக்கு ஏழு நிமிடம் தருவார்கள்.
நான்கில் முடித்துவிட்டு
மூன்று நிமிடம் சும்மா நிற்பேன்,
கதவின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு.
அந்த மூன்று நிமிடம்தான் என் சம்பளம்.

ராஜினாமாக் கடிதம் எப்போதோ எழுதியாயிற்று.
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
தேதி மட்டும் போடவில்லை.
தேதிக்கான இடத்தில்
சலவை இயந்திரத்தின் தவணை வந்து உட்கார்ந்தது,
பிறகு குளிர்காலத்து விறகு,
பிறகு மகன் அப்னெரின் பல் கம்பி.
எல்லாம் நேர்மையான காரணங்கள்.
பொய்க் காரணம் என்றால் எப்போதோ உதறியிருப்பேன்.

செவ்வாய் விடியலில் ரெமிஹியோ கூப்பிட்டார்.
பயந்துதான் போனேன்.
"உன் கையில் ஒரு முள்கூடத் தப்புவதில்லை."
சிவப்புத் தலைக்கவசம் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.
மேற்பார்வை வேலை. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடும்.
தவணை, விறகு, பல் கம்பி
மூன்றும் அந்தக் கவசத்துக்குள் அடங்கும்;
கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது.
நாற்காலிகூட உண்டாம்.
வெறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது போலிருந்தது.

கழிப்பறைக் கண்ணாடியில் போட்டுப் பார்த்தேன்.
பொருந்தியது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே பொருந்தியது.
அப்போது எதுவீனா உள்ளே வந்தாள்.
ரெமிஹியோவைப் பற்றி ஏதோ ஆரம்பித்த வாய்
பாதியில் நின்றது.
என்னைப் பார்க்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஈரக் கையோடு வெளியே போனாள்.
இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த ஊரில் வேலையை விட நோட்டரியிடம் போகவேண்டும்.
வேண்டாம் என்பதற்கும் முத்திரை வேண்டும்.
என் எண் எண்பத்து நான்கு;
அறுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.
குடைகளின் தண்ணீர் காலடியில் ஓடியது.
எழுந்து போக இருபத்து மூன்று வாய்ப்புகள்.
ஒன்பதாவதில் எழுந்தேன்.
கதவுவரை போனேன். மழையைப் பார்த்தேன். திரும்பினேன்.
என் இருக்கையில் வேறு யாரோ.
மீதியை நின்றே கழித்தேன்.
நிற்பது எனக்குத் தெரிந்த வேலை.

குமாஸ்தா தலை நிமிரவில்லை.
"சொந்த விருப்பத்தின் பேரில்தானே?"
அன்றைக்கு எத்தனையாவது முறையோ,
கேள்விக்குறி தேய்ந்து போயிருந்தது.
"தேதி போடலையே."
பேனாவை வாங்கினேன்.
விரல்கள் அதை இடுக்கியாகப் பிடித்தன.
விறகு விலை ஞாபகம் வந்தது,
போன வாரம் மறுபடி ஏறியிருந்தது.
இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன்.
அவனுக்கும் தெரியவில்லை.
முத்திரையைத் திருப்பி,
தலைகீழாக இருந்த எண்களை
ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான்.