தொடாதே – ஹ்யூ

சுவான்சியில் மழை, வழக்கம்போல் பக்கவாட்டில்.
தெருமுனைப் பச்சைப் பெட்டியைத் திறக்கிறாள் நெரிஸ்.
நத்தைகள் தின்றது போக மிஞ்சிய வரைபடம்,
களிம்பேறிய செப்பு,
ஒரு கேபிளில் மட்டும் ஒட்டுநாடா,
அதில் பேனாவால்: ‘தொடாதே – ஹ்யூ’.

ஹ்யூ யாரென்று
அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை.
வெட்டினாள்.

பதினேழாம் எண் வீட்டில் ரக்பி அணைந்தது.
வீட்டுச் செருப்போடும் வசவோடும்
வந்து நின்றார் எம்லின்.

‘இதன் வாலில்தான் புதியதைக் கட்டியிருக்கிறேன்.
இது வெளியே வந்தால்தான் அது உள்ளே வரும்.’

அவர் வீட்டுச் சுவரோரம் நின்று இழுத்தாள்.
சேறு கக்கி, முனகி, நின்று,
மறுபடி முனகி வந்தது பழையது.
பின்னாலேயே, கறுப்பு உறைக்குள்,
தலைமயிர்க் கனத்தில் கண்ணாடி.

ஒரு துளி பட்டாலும் கெட்டது காரியம்.
திட்டுவதை நிறுத்தாமலே குடை விரித்தார் எம்லின்,
தன் தலைக்கல்ல,
அவள் விரல்களுக்கு.

துடைத்தாள். நறுக்கினாள்.
முனையும் முனையும் முகம் பார்க்க
ஒரு மின்பொறி.
திரையில்: இழப்பு 0.02.

‘எவ்வளவு இழந்தோம்?’
‘இல்லையென்றே சொல்லலாம்.’
‘உங்களுக்குச் சரி.
எங்களுக்குப் பதினொரு புள்ளி,
நீ அணைத்தபோது.’

சட்டைப் பையில் சுருண்டிருந்த ஒட்டுநாடாவை
என்ன செய்வதென்று தெரியாமல்
புதுக் கேபிளில் சுற்றிவிட்டுப் போனாள்.