பதினைந்து கட்டம்

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்து அளவில் என் கடை.
சீட்டு எடுத்த பணத்தில் முதல் மெஷின், தொண்ணூற்று நாலு.
பெட்டி மேல் ஜப்பான் என்று போட்டிருந்தது,
உள்ளே இருந்தது எந்த ஊரோ.
கேசட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று ஸ்டிக்கர்.
ஐப்பசி மழையில் ஆள் வராத ஒரு மத்தியானம்
உட்கார்ந்து எண்ணினேன்.
பதினொன்று.
மிச்சமெல்லாம் அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு நிறம்.

வாத்துச் சுடும் துப்பாக்கி ஒன்றும் கூட வந்தது.
கோழிக்கடை தானியேல் மகன்
குழலைக் கண்ணாடியில் முட்டக் கொடுத்துச் சுடுவான்.
பின்னாளில் தட்டை டிவி வாங்கினேன்,
அன்றோடு ஒரு வாத்தும் விழவில்லை.
துப்பாக்கியில் கோளாறில்லை என்று புரியவே
ஒரு வாரம் ஆனது.

அடுத்தது சாம்பல் நிறத்தில், தட்டுப் போடுவது.
மதுரையில் சிப் மாற்றி வாங்கியது.
சித்திரை வெயிலில் மக்கர் பண்ணும்,
தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தால் படிக்கும்.
வந்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை,
அதுதான் அதன் சுபாவம் என்று நினைத்தார்கள்.

அதோடு வந்தது அந்த அட்டை,
பிஸ்கட்டில் பாதி.
அதுவரை கரண்ட் போனால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து.
இனி ஆடியது ஆடியபடி நிற்கும்.
உள்ளே பதினைந்து கட்டம்.
என் மாமனார் குலவணிகர்புரத்தில் ஆறு குடித்தனம் வைத்த வளவுக்காரர்,
வாடகை எனக்குப் புதிதில்லை.
கட்டம் ஒன்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்.
நோட்டுப் போட்டேன்.

ஏழாம் கட்டம், பேட்டை மீரான்.
வாளும் கையுமாய் ஒருவனை நடத்திக்கொண்டு
மணிக்குப் பத்து வீதம்
நானூறு ரூபாய்க்கு ஒரு பனிமலை ஏறியிருந்தான்.
பனி எப்படி இருக்கும் என்று
எங்கள் ரெண்டு பேருக்கும் அந்த டிவியில்தான் தெரியும்.
திடீரென்று வரவில்லை.
ஒரு மாதம்.
இன்னொரு மாதம்.
புதுப் பையன் ஒருவன் ஐந்து ரூபாயோடு நின்றான்.

அழிக்கவா என்று கேட்டது திரை.
ஆம், இல்லை.
அம்புக்குறி தானாக 'இல்லை'யில்தான் நின்றது.
நான்தான் தள்ளினேன்.

பெருநாளைக்குத் திருப்பூரிலிருந்து வந்தான்,
மீசை அரும்பி, விரலெல்லாம் சாயம்.
"அக்கா, அஞ்சு மாசப் பாக்கி" என்று
இருபத்தைந்தை நீட்டினான்.
வாங்கினேன். நோட்டில் அடித்தேன்.
அதற்குப் பிறகுதான் சொன்னேன்.
அவன் திரையைப் பார்க்கவில்லை, சுற்றாத ஃபேனைப் பார்த்தான்.
"பரவால்லக்கா, வழி தெரியும்லா."
"ஆடிட்டுப் போயேம்ல, துட்டு வேண்டாம்."
"பஸ்ஸுக்கு நேரமாச்சி."
பணத்தை முதலில் வாங்கியிருக்க வேண்டாம்.

அப்புறம் கறுப்பு, அப்புறம் வெள்ளை,
வயரில்லாத கைப்பிடி,
யாரையோ கெட்ட வார்த்தையில் திட்ட ஒரு மைக்.
போன வருஷம் வாங்கியதற்கு வாயே இல்லை.
தட்டில்லை, கேசட்டில்லை,
அட்டை செருகப் பொந்தில்லை.
சேமித்ததெல்லாம் எங்கேயோ ஆகாயத்தில் இருக்கிறதாம்,
அதற்கு மாதாமாதம் என் கார்டில் பிடிப்பார்கள்.

நேற்று மெயில்.
கார்டு காலாவதியாம், பணம் வரவில்லையாம்.
கடையில் ஆடும் முப்பத்திரண்டு பேரின் கணக்கும்
ஆறு மாதம் இருக்கும், அதற்குமேல் பொறுப்பில்லை,
அன்புடன்.
பாக்கியை எடுத்துக்கொண்டு போய் நிற்க
ஒரு வாசல், ஒரு முகம்,
அடியில் தேடினேன், போட்டிருக்கவில்லை.

இருந்தாலும் சொல்ல வேண்டும்.
நான் ரெண்டு மாதம்தான் பொறுத்தேன்.
இவர்கள் ஆறு.
நல்ல வீட்டுக்காரர்கள்தான்.