வெறும் எடை

லாபிஸ் செம்பனை ஆலையில்
நிறுவைப் பாலத்துக்கு நான்தான் இரவுக் குமாஸ்தா.
கண்ணாடிக்கு அப்பால் குலை ஏற்றிய லோரிகள்.
இப்பால், ரசீது இயந்திரத்துக்கும் தே ஓ பொட்டலத்துக்கும் நடுவே
என் மடிக்கணினி,
அதற்குள் ஒரு கொட்டகை,
கொட்டகைக்குள் இறக்கை வைத்த ஏவுகலம்.

விமானியின் பெயர் தனபாலன்.
எங்கள் சூப்பர்வைசர் பெயரும் அதுதான்.
தற்செயல் இல்லை.

ஒரு பொத்தானை அழுத்தினால்
கலத்தின் வயிற்றில் இரண்டு உருண்டைகள் தெரியும்.
மஞ்சள், கனத்தின் நடு.
நீலம், காற்று தூக்கிப் பிடிக்கும் இடத்தின் நடு.
அதற்குத் தூக்கத்தின் நடு என்று பெயர் வைத்தேன்.
இரவு வேலைக்காரிக்கு வேறு என்ன தோன்றும்.

மஞ்சள் முன்னே, நீலம் சற்றுப் பின்னே:
இதுதான் சட்டம்.
அம்புக்கு ஏன் வாலில் சிறகு என்பது
முப்பத்தெட்டு வயதில் எனக்கு விளங்கியது.
நீலம் முந்திக்கொண்டால்
காற்றே மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும்.

என் உருண்டைகள் சட்டப்படிதான் நின்றன.
பதினேழு தடவை பார்த்தேன், பதினேழு தடவையும்.
ஏறும்போது நூல் பிடித்தாற்போல் ஏறியது.
மேலே போய் ஒரு சுற்றும் சுற்றியது.
இறங்கும்போதுதான்,
இருபது கிலோமீட்டரில்,
காற்று கஞ்சியாகக் கெட்டிப்படும் இடத்தில்,
வால் முன்னே வந்து, வயிறு மேலே வந்து,
தனபாலன் கடலில்.

"ஜாத்தோ லாகி?" ஜன்னலில் காவலர் ரொஸ்லி.
"லாகி."
அவருக்கும் தனபாலனைப் பிடிக்காது.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான்
கேட்டுக்குத் திரும்பிப் போவார்.

இரண்டு மணி பத்துக்குச் சின்னராஜு வந்தான்.
குலையெல்லாம் பின்பக்கம் குவிந்து கிடந்தது.
"முன்சக்கரம் தரையில இருக்கான்னே தெரியலக்கா,
ஸ்டேரிங் மிதக்குது."
முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது கிலோ.
போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி ஏறினான்.
பன்னிரண்டாயிரத்து இருபது.
"இப்ப எப்படி?" என்றேன்.
"இப்ப இது வேற வண்டி."

ஒன்பது வருடமாக
ஒரே லோரியை இரண்டு தடவை நிறுத்துச்
சம்பளம் வாங்குகிறேன்.
என் கலத்தை மட்டும் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்,
தொட்டி தளும்பி நிற்கும்போது.

உருண்டைகள் பொய் சொல்லவில்லை.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லின,
ஜேபிஜே கவுண்டர் மாதிரி.

கொட்டகையில் வைத்தே எரிபொருளை வடித்தேன்.
மூக்கில் இருந்த தொட்டி காலியாகக் காலியாக
மஞ்சள் அசைந்தது,
சறுக்குத் தளத்தில் உருளும் பழம்போலப்
பின்னே, பின்னே,
வாலில் தொங்கும் எஞ்சின்களை நோக்கி.
நீலத்தைத் தொட்டது.
மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்பார்கள்,
அப்படி எதுவும் ஆகவில்லை.
கடந்து போனது.

வெந்த பழத்தின் வாடை அறைக்குள் வந்தது.
கெமாஸ் பக்கம் ஒரு சரக்கு ரயில் போனது.
நான் அந்த இரண்டு உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தொட்டியை நடுவயிற்றுக்குக் கொண்டுவந்தேன்.
இறக்கையை இரண்டு விரற்கடை பின்னே தள்ளினேன்.
நிரப்பிப் பார்த்தேன், வடித்துப் பார்த்தேன்.
இரண்டிலும் நீலம் பின்னே.

நாலரை மணி. இருபது கிலோமீட்டர்.
விளிம்பெல்லாம் சிவந்து கலம் இறங்கும்போது
ஹார்ன்.
பாலத்தில் லோரி ஏறிவிட்டது.
ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தவில்லை.
விசைகளிலிருந்து கையை எடுத்தேன்.
எடையைப் பதிந்து, ரசீதைக் கிழித்து,
ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை
திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பியபோது
யாரும் பிடிக்காத மூக்கு
நேராக இருந்தது.
மெல்ல ஒரு பக்கம் ஆடியது,
தானே திரும்பி வந்தது,
மறுபடி நேராக.

ரொஸ்லி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை.

சக்கரம் இறக்க மறந்துவிட்டேன்.
வயிற்றால் தேய்த்து, ஓர் இறக்கை பிய்ந்து,
ஓடுபாதைக்கு வெளியே புல்லில் போய் நின்றது.
தனபாலன் உயிரோடு இருக்கிறார்.
ஆறு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவார்.