சத்தம் வரும், பயம் வேண்டாம்

பி.எஸ்.ஏ. பத்தொன்பது என்று கிளினிக் கொப்பியில் எழுதி
சிவப்பால் வட்டம் போட்டிருந்தார்கள்.
எண் விளங்கவில்லை. வட்டம் விளங்கியது.

புன்னைநீராவியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன் நான்.
காதை வைத்தால் போதும்,
புட்வால்வில் குப்பையா, வாசர் தேய்ந்ததா, பெயாரிங் போச்சா
சொல்லிவிடுவேன்.
என் சொந்தப் பம்பு மட்டும் இரண்டு வருடமாய்
இரவில் ஐந்து தரம் எழுப்பி
அரைச் சிரட்டை தந்து
நின்றுவிடுகிறது.
"ஊர்ப்பம்பெல்லாம் திருத்திறவர்
வீட்டுப் பம்புக்குக் கையை விரிக்கிறார்" என்றாள் தேவமலர்.
பிறகு அவளேதான் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள்.

"பீஸ் எடுத்துப் பார்க்க வேணும்" என்றாள் மிஸ்ஸி.

பீஸ்.
எங்கள் பக்கம் அது உள்ளே போகிற சாமான்.
முதுகில் பீஸ், நெற்றியில் பீஸ்,
பால்மாவுக்கு வரிசையில் நின்றவளின் வயிற்றில் பீஸ்.
என் இடுப்பெலும்போடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது.
எடுத்தால் கால் போகும் என்று
மாத்தளனில் ஒரு டொக்டர்
மருந்தில்லாத கையால் தடவிவிட்டு
அடுத்த பாய்க்குப் போனார்.

இப்போது பன்னிரண்டு எடுக்கப் போகிறார்கள்.

இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள்,
முழங்காலை நெஞ்சோடு மடிக்கச் சொன்னார்கள்.
அதை எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.
மூன்று மாதம் அப்படித்தான் படுத்தேன்,
மேலே பனங்குற்றி,
அதற்குமேல் அவளுடைய கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டை.

பின்வழியாய்க் குழாய் போனது.
அதைப்பற்றி இவ்வளவுதான்.

திரையில் சாம்பல் தூறல்.
"என்ன தெரியுது டொக்டர்?"
"சத்தம்" என்றார் டொக்டர் உதேனி, பொலன்னறுவைக்காரர்,
சொல்லுக்குச் சொல் நின்று நின்று வந்த தமிழில்.
"காது கேக்காத சத்தம். போகும். திரும்பி வரும். படம் தரும்."
காதுக்குக் கேட்காதது புதிது.
சத்தத்துக்குக் கண் இருப்பது புதிதில்லை.
வண்டு சுற்றிய நாட்களில்
அடுப்புப் புகையைக்கூட ஈரச்சாக்கால் மூடினோம்,
அந்த இரைச்சல் பார்த்துக்கொண்டிருந்தது.

இடுப்புத் தழும்பில் விரலை வைத்து "இது?" என்றார்.
"பழசு. இண்டைக்கு அது வேண்டாம்."

பிறகு எடுத்தார்,
பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்போல் ஒன்று, நுனியில் நீள ஊசி.
அதன் பெயரைச் சொல்ல வாயெடுத்த மிஸ்ஸி
என்னைப் பார்த்து நிறுத்தினாள்.
எனக்குத் தெரியும், அவர்கள் அதைக் கன் என்பார்கள்.
டொக்டர் என் காதருகே பிடித்து
காற்றில் ஒருதரம் அடித்துக் காட்டினார்.
டிக்.
"இதுதான். சத்தம் வரும், ஐயா. பயம் வேண்டாம்."

இவ்வளவு காலத்தில்
சத்தத்தை முதலில் காட்டி,
பயப்படாதே என்று சொல்லிவிட்டு அடித்த
முதல் ஆள்.

டிக். வலது அடி, என்று மிஸ்ஸி போத்தலில் எழுதினாள்.
டிக். வலது நடு.
நான் எண்ணினேன். பழக்கம்.
குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவே
எண்ணி எண்ணித்தான் என் பிள்ளைகள் எண் படித்தன.
ஏழில் கொஞ்சம் நொந்தது.
பத்தை இரண்டுதரம் எண்ணிவிட்டேன் போல,
எனக்குப் பதின்மூன்று வந்தது.
போமலினில் மிதந்தன,
கிழிந்த பாயின் நார் மாதிரி.
"இவ்வளவு சின்னனோ?" என்று கேட்டேன்.

பரந்தனில் பஸ் மாறும்போது ஒண்டுக்குப் போனேன்,
வெறுந்தேத்தண்ணி நிறம்.
சொல்லித்தான் விட்டிருந்தார்கள்.
மூன்றாம் நாள் தெளிந்தது.
காய்ச்சல் வந்தால் ஓடிவரச் சொன்னார்கள், வரவில்லை.

போத்தல்கள் யாழ்ப்பாணம் போயின.
மூன்று கிழமை என்றார்கள், இன்று பதினேழாம் நாள்.
கல்மடுக்காரர் கொண்டுவந்த பம்பு
திறந்தபடி கிடக்கிறது,
காதை வைக்க மனம் வரவில்லை.

இரவு இரண்டு மணி. பாலைமரத்தடியில் நிற்கிறேன்.
சொட்டு.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு நூல்.
உள்ளேயிருந்து தேவமலர்:
"வந்திட்டுதே?"
எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை.
"வரும். நீ படு."